வெள்ளிக்கிழமை உண்மைப் பெட்டி

வாலாஜாபாத்
13 ஜூலை 2024

அன்புள்ள ஜோதிக்கு,

நீ நலமாகத்தான் இருப்பாய். நான் நலமாக இல்லை, அதற்குக் காரணமே நீதான்.

காஞ்சிபுரத்தில் பி.எட். படித்தபோது என்னோடு ஒரே அறையில் இருந்து என் தேங்காய் எண்ணெயைக் காலி பண்ணியவள், இன்று சென்னையில் ஒரு அறக்கட்டளையில் உட்கார்ந்துகொண்டு என் பத்தாம் வகுப்புக்கு 'குணமும் வாழ்வும்' என்று ஒரு திட்டத்தை அனுப்புகிறாய். தோழியின் வேலையாச்சே என்று பொறுத்துக்கொண்டேன். ஆனால் 'ஆசிரியர் கருத்துப் படிவம்' என்று ஒன்று வந்திருக்கிறது பார், அதைப் பொறுக்க முடியவில்லை. பத்துக் கேள்வி, ஒவ்வொன்றுக்கும் ஐந்து மூஞ்சி. அழுகிற மூஞ்சியில் ஆரம்பித்துச் சிரிக்கிற மூஞ்சி வரை. என் மூஞ்சி அதில் எங்கேடி இருக்கிறது? கடைசியில் 'பிற கருத்துகள்' என்று தீப்பெட்டி அளவில் ஒரு கட்டம். அதனால்தான் காகிதம் எடுத்தேன். போனில் சொன்னால் "சூப்பர் மெர்சி" என்று கட் பண்ணிவிடுவாய்.

கருத்துதானே வேண்டும்? இந்தா. எங்கள் தமிழ் ஆசிரியர் நடேசன் ஐயா சொன்னது: "முப்பது வருசமா பொய் சொல்லாத, பெஞ்ச ஒடைக்காத, பொம்பள புள்ளைய கிண்டல் பண்ணாதன்னு கத்திகினு கீறேன். இப்ப அதுக்கு ஒரு பேர வெச்சி எனக்கே ட்ரெயினிங் குடுக்கறாங்க!" பி.டி. தாவீது சாருக்கு வயிறு எரிகிறது. கிரவுண்டில் பந்து ஆடிக்கொண்டிருந்த பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, சேர்ந்து வேலை செய்வது எப்படி என்று சார்ட்டில் காட்டினார்களாம். நானோ அமிலமும் காரமும் பாடத்தைப் பாதியில் விட்டுவிட்டு உன் ஆப்பில் போட்டோ ஏற்றிக்கொண்டிருக்கிறேன். நெட் சுற்றுகிறது, சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது.

அப்புறம் அந்த வெள்ளிக்கிழமை உண்மைப் பெட்டி. பிள்ளைகள் ஆளுக்கொரு உண்மையைச் சீட்டில் எழுதிப் போட வேண்டும், பெயர் வேண்டாம், ஆசிரியர் படிக்கக் கூடாது, உறையில் ஒட்டி உங்களுக்கு அனுப்ப வேண்டும். 'படிக்கக் கூடாது' என்ற அந்த ஒரு விதி மட்டும் எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. நாற்பத்திரண்டு சீட்டையும் அப்படியே ஒட்டி அனுப்பிவிடுகிறேன், ஒரு வேலை மிச்சம்.

நியாயமாக ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு இரண்டு பேராக உட்கார்ந்து ஒருவர் பேச மற்றவர் கேட்கும் பயிற்சி நன்றாக இருக்கிறது. சேரப்பணஞ்சேரியிலிருந்து வரும் நிலா, ஒரு வருடமாக என்னிடம் "உள்ளேன் டீச்சர்" தவிர ஒரு வார்த்தை பேசாதவள், அன்றைக்கு வாய்விட்டுச் சிரித்தாள். எனக்கே கண் கலங்கிவிட்டது. அதற்கு எந்த மூஞ்சியில் டிக் அடிப்பது?

கோபம் தீராத
மெர்சி


சென்னை
10 செப்டம்பர் 2024

என் கோபக்கார மெர்சிக்கு,

உன் கடிதத்தை ஆபீசில் எல்லாருக்கும் படித்துக் காட்டினேன். வயிறு வலிக்கச் சிரித்தோம். மூஞ்சிகளை மாற்றச் சொல்கிறேன். தேங்காய் எண்ணெய்க் கடனை மட்டும் மறந்துவிடு.

இப்போது நல்ல செய்தி. திட்டத்துக்குப் பணம் தரும் ஒரகடம் கம்பெனியில் போன வாரம் எங்கள் வேலையைப் படம் போட்டுக் காட்டினோம். உன் பத்தாம் வகுப்புச் சீட்டு ஒன்றை அப்படியே திரையில் போட்டேன். "எங்க வூட்ல ஒரு பொய்ய வெச்சித்தான் சோறு துன்றோம்" என்று ஆரம்பிக்கும் சீட்டு. கூட்டமே ஆடிப்போய்விட்டதுடி! அடுத்த வருடத்துக்கும் நாற்பது பள்ளிக்குத் தருகிறோம் என்று அங்கேயே சொல்லிவிட்டார்கள்.

அந்தப் பிள்ளை யாரென்று எனக்குத் தெரியாது. 'நேர்மை நட்சத்திரம்' பேட்ஜ் ஒன்று அனுப்பியிருக்கிறேன். வகுப்பில் அந்த முதல் வரியைப் படித்து, எழுதியவரை எழுந்து நிற்கச் சொல்லிக் கைதட்டிக் கொடு. படிவத்தை மறக்காதே, அறிக்கைக்கு வேண்டும்.

அன்பு மாறாத
ஜோதி


வாலாஜாபாத்
5 அக்டோபர் 2024

ஜோதி,

நட்சத்திரத்தைக் கொடுத்தேன். எழுந்து நின்றது நிலா. நாற்பத்தோரு பேர் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். பெருமையாகக்கூட இருந்தது, என் தலையில் இடி விழ. பேட்ஜை நானே குத்திவிட்டேன்.

நாலாவது நாளிலிருந்து நிலா பள்ளிக்கு வரவில்லை. இரண்டு வாரம் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா கோவிந்தம்மா ஒரு கம்பெனியில் கூட்டிப் பெருக்கும் வேலை செய்கிறார். என்னைப் பார்த்ததும் உள்ளே போய் அந்த பேட்ஜை எடுத்துவந்து என் கையில் வைத்தார்.

"உண்மைய எழுதச் சொன்னதும் நீங்கதான், கை தட்னதும் நீங்கதான். இந்த ஸ்டார வெச்சிகினு நான் இன்னா பண்றது டீச்சர்?"

அந்தச் சீட்டில் முதல் வரிக்கு அப்புறம் என்ன இருந்தது என்று அவர் சொல்லித்தான் எனக்கே தெரியும். அக்கா தேன்மொழிக்குப் பதினேழு வயசு. பெரியம்மா பெண்ணின் ஆதார் அட்டையைக் காட்டி, அவள் பெயரிலேயே உங்களுக்குப் பணம் தரும் அதே ஒரகடம் கம்பெனியில் பாகம் பூட்டும் லைன் வேலைக்குப் போகிறாள். எந்த லைன், எந்த ஷிப்ட் என்றும் பிள்ளை எழுதியிருக்கிறாள். அந்தக் கம்பெனிக்காரர்களிடமே போய் அதைத் திரையில் போட்டிருக்கிறாய்! பெயர் இல்லை என்பாய். பள்ளி இருந்தது, வகுப்பு இருந்தது, லைன் இருந்தது. அப்புறம் பெயர் எதற்கு? நான் பேட்ஜ் குத்திய வாரம்தான் பேச்சு லைன் வரைக்கும் போயிருக்கிறது, சூப்பர்வைசர் ஒரே நாளில் கண்டுபிடித்துவிட்டார். தேன்மொழியை அனுப்பிவிட்டார்கள், ஒரே ஆதார் இரண்டு இடத்தில் இருந்ததால் வேறொரு கம்பெனியில் இருந்த பெரியம்மா பெண்ணையும் நிறுத்திவிட்டார்கள். இரண்டு குடும்பமும் இப்போது பேசிக்கொள்வதில்லை.

நிலா "என்னாலதான அக்காவுக்கு வேல போச்சி" என்று சொல்லி, அக்காவோடு சேர்ந்து சுங்குவார்சத்திரத்தில் ஒரு மெஸ்ஸில் காய் நறுக்கப் போகிறாள். பொதுத்தேர்வுக்கான பெயர்ப் பட்டியல் நவம்பர் எட்டாம் தேதி போகிறது. அதற்குள் அவள் வராவிட்டால் பெயரை எடுத்துவிடச் சொல்லிவிட்டார் எச்.எம். படிக்கிற பிள்ளை ஜோதி. இந்த வருடம் போனால் திரும்ப வரமாட்டாள், எனக்குத் தெரியும்.

நீ வா. இந்த மாதம் எந்தச் சனிக்கிழமையானாலும் வா. என்னோடு சேரப்பணஞ்சேரிக்கு வந்து அந்த அம்மா முன்னால் நின்று "தப்பு எங்களுடையது, உங்கள் பெண்ணுடையது இல்லை" என்று சொல். அதை உங்கள் வாயிலிருந்து கேட்டால்தான் அந்தப் பிள்ளை நம்புவாள். வேறொன்றும் கேட்கவில்லை.

மெர்சி


சென்னை
16 அக்டோபர் 2024

மெர்சி,

இரண்டு நாள் தூக்கமில்லை. நான் வேண்டுமென்று செய்வேனா?

ஆனால் பதினேழு வயசுப் பெண் பொய் அட்டையில் லைனில் நிற்பது மட்டும் சரியா, சொல். வருகிறேன் என்று மேலாளரிடம் கேட்டேன். நான் வந்து மன்னிப்புக் கேட்டால் அறக்கட்டளையே தப்பை ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும், நாற்பது பள்ளியும் போய்விடும் என்கிறார். எனக்கு இந்த வேலை வேண்டும் மெர்சி. அந்தக் குடும்பத்தின் நிலைமை உனக்குத்தான் தெரியும், நீயே பேசிப் பார். படிவத்தில் மட்டும் இதை எழுதிவிடாதே, உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

ஜோதி


வாலாஜாபாத்
8 டிசம்பர் 2024

ஜோதிக்கு,

சரியில்லைதான். பதினேழு வயசுப் பெண் லைனில் நிற்பது சரியில்லை, மெஸ்ஸில் நிற்பதும் சரியில்லை. நீ வருவாய் என்று சனிக்கிழமை சனிக்கிழமையாகக் காத்திருந்தேன். சேரப்பணஞ்சேரி பஸ் ஸ்டாப்பில் ஒரு மணி நேரம் முட்டாள் மாதிரி நின்றேன் ஒரு நாள்.

நவம்பர் ஆறாம் தேதி பள்ளி விட்டதும் நானே சுங்குவார்சத்திரம் மெஸ்ஸுக்குப் போனேன். வேலை முடித்துவிட்டுப் பெண்களைக் கூட்டிப்போகக் கோவிந்தம்மாவும் வந்திருந்தார். நிலா தலையை நிமிர்த்தாமல் கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். உன்னைத் திட்டிப் பேசத்தான் போனேன். வாயைத் திறந்தால் வேறு வந்தது. "தப்பு என்னோடதும்மா. நான் அத படிக்கவே இல்ல. படிச்சிருந்தா அங்கயே கிழிச்சிப் போட்டிருப்பேன்" என்றேன்.

கோவிந்தம்மா என்னையே பார்த்தார். "இத்தினி மாசமா எழுதிக் குடுத்துகினு கீதுங்களே, ஒரு தபா கூட எடுத்துப் படிக்கலியா டீச்சர்?"

விதி அப்படி என்று சொல்லியிருக்கலாம். ஆனால் எரிச்சல்தான் நிஜமான காரணம். உன் திட்டத்தின் மேல் இருந்த எரிச்சலில் என் பிள்ளைகள் எழுதியதை ஒரு நாளும் திரும்பிப் பார்க்கவில்லை. படிக்காமல் அனுப்பினேன் நான், யாருக்குக் காட்டுகிறோம் என்று யோசிக்காமல் காட்டினாய் நீ. நான் மெஸ் வாசலிலேயே அழுதுவிட்டேன். நிலாதான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"நாளைலேர்ந்து அனுப்பறேன். அவ இன்னா எழுதினாலும் மொத நீங்க படிக்கணும்" என்றார் கோவிந்தம்மா. மறுநாள் நிலா வந்தாள். பட்டியலில் பெயர் இருக்கிறது. தேன்மொழியைப் பிளஸ் ஒன்னில் சேர்க்கப் பேசிப் பார்த்தேன். "ஜனவரியில பதினெட்டு ஆயிடும் டீச்சர், என் பேர்லயே வேற கம்பெனிக்குப் போறேன்" என்று சொல்லிவிட்டாள்.

இப்போது வெள்ளிக்கிழமை சீட்டையெல்லாம் முதலில் நான் படிக்கிறேன். உங்கள் விதியைத் தூக்கிக் குப்பையில் போடு. அப்பா அடித்தது, காதல், திருட்டு மாங்காய், என் பாடம் தூக்கம் வருகிறது என்பது, எல்லாம் இருக்கிறது. உங்களுக்கு இனி ஒரு சீட்டும் வராது. நிலாவும் தவறாமல் போடுகிறாள். நாலாக மடித்திருக்கும். ஐந்து வெள்ளிக்கிழமையாகப் பிரித்துப் பார்க்கிறேன், உள்ளே ஒன்றுமே எழுதியிருப்பதில்லை.

போன வாரம் உங்கள் அச்சடித்த அறிக்கை வந்தது. பதினாலாம் பக்கம் பார்த்தேன். "வாய் பேசாத மாணவி வாய்விட்டுச் சிரித்தாள். எனக்கே கண் கலங்கிவிட்டது" என்று ஒரு அறிவியல் ஆசிரியை சொன்னாராம். அது உனக்கு நான் எழுதிய கடிதம் ஜோதி, உனக்கு மட்டும் எழுதியது. என் பெயரைப் போடவில்லை, பெரிய மனசுதான் உனக்கு. உன் மேல் இருக்கிற கோபத்துக்கு நடுவிலும் உன்னைப் பார்க்க வேண்டும் போலத்தான் இருந்தது, அந்தப் பக்கத்தைப் படிக்கும்வரை.

கருத்துப் படிவம் கேட்டு மூன்றாவது தடவையாக ஆள் அனுப்பியிருக்கிறீர்கள். இத்துடன் வைத்திருக்கிறேன். எந்த மூஞ்சியிலும் டிக் அடிக்கவில்லை, கட்டத்தில் ஒரு எழுத்தும் எழுதவில்லை. நிலா மடிக்கிற மாதிரியே நாலாக மடித்து வைத்திருக்கிறேன்.

மெர்சி