உன் கடைக் கலண்டர்

உன்மேல் பொறாமைப்பட்டுத்தான் நான் கடையைப் பூட்டினேன் என்று உன் செத்தவீட்டிலேயே பேசிக்கொண்டார்கள். அது பிழை. திருத்திச் சொல்லக்கூடியவள் நீ ஒருத்திதான்.

இன்று காலை உன் மகன் புதுவருடக் கலண்டரைத் தந்துவிட்டுப் போனான். சுருளை விரித்ததும் அச்சு மையின் மணம் குசினியெல்லாம் பரவியது. மேலே லட்சுமி, கீழே உன் கடையின் பெயர், மூலையில் நாம் இருவரும் அரிசி வாங்கிய இறக்குமதிக்காரரின் முத்திரை.

கொன்வென்ட்டில் ஒரே வாங்கில் இருந்து படித்தோம்; தலைமைக் கன்னியாஸ்திரி மதருக்காக வகுப்பில் சட்டம் பார்ப்பவள் நான். ஊரைவிட்டு இந்த நாட்டுக்கு வந்து, டோர்செட் பார்க்கில் ஒரே பிளாசாவில் எதிரெதிரே கடை வைத்தோம். என்னவர் போனபின் என் கடையைத் தனியாகவே நடத்தினேன். உன் கடை பெரியது, நீ அதிகம் வாங்கினாய். அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் உன் கலண்டருக்கும் பத்திரிகை விளம்பரத்துக்கும் அந்த இறக்குமதிக்காரர் காசு கொடுத்தார். எனக்கு ஒன்றும் தரவில்லை. போட்டிக் கடைகளுக்கு விளம்பர உதவி செய்தால், அவரவர் வாங்கும் அளவுக்கு ஏற்ப எல்லோருக்கும் செய்ய வேண்டும் என்பது இந்த நாட்டுச் சட்டம். என் பங்கைத்தான் கேட்டேன்.

தை மாதத்தில் நம் சனங்களுக்குக் கலண்டர் வேண்டும். "இல்லையோ அன்ரி?" என்று கேட்டுவிட்டு உன் கடைக்குப் போனவர்கள் அரிசியையும் அங்கேயே வாங்கினார்கள்.

முறைப்பாடு செய்தேன். உனக்குக் கிடைத்ததை நீ எழுதித் தந்தால்தான் மேலே போகலாம் என்றார் அரசாங்க அதிகாரி. உன்னிடம் வந்தேன். மிளகாய்த்தூளைப் பையில் போட்டுக்கொண்டே சிரித்தாய்.

"எடியே, மதர் செத்தும் நீ மதரின்ரை வேலையை விடேல்லையே? நான் எழுதினா அவன் எனக்கு அரிசி தருவானோ? என்ரை கலண்டரிலை பாதியைக் கொண்டுபோ. உன்ரை கடைப் பேரை மேலை ஒட்டிக் குடு."

நான் கொண்டுபோகவில்லை. உன் பெயர்மேல் என் பெயரை ஒட்டிப் பிழைக்க மனம் வரவில்லை. அடுத்த தைக்குமுன் கடையைப் பூட்டினேன்.

நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நான் கேட்காமலே சொன்னாய்: "எழுதித் தாறன். என்னை வீட்டை போக விடு." நீ வீட்டுக்குப் போகவில்லை.

இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று அதிகாரி அறிவித்துவிட்டார். என் கடை இருந்த இடத்தில் இப்போது வீடியோக் கடை. நீ எழுதினாலும் அது திரும்பாது, எனக்குத் தெரியும். உன் கலண்டரைச் சுவரில் மாட்டிவிட்டேன்; வேறு யார் தருவார்கள்?

கொன்வென்ட்டில் கையெழுத்துக்குப் பரிசு வாங்கியவள் நீ. தாறன் என்று நீ சொன்ன அந்தச் சொல் மட்டும்தான் என்னிடம் இருக்கிறது. தயவுசெய்து எழுத்தில் பதில் தா.