குடக் கழிவும் மதியச் சோறும்

14 அக்டோபர் 2024, திங்கள்

குடம் செய்யும்போது மிஞ்சும் பிளாஸ்டிக் துண்டுகளை இனி எரிக்கக் கூடாது. யாரும் வீட்டுக்கு எடுத்துப் போகவும் கூடாது. அரைத்து மறுபடி குடமாக்க வேண்டும். சூப்பர்வைசரான நான் நச்சரித்துத்தான் முதலாளி மாதவராஜ் அரவை மெஷின் வாங்கினார். பெருமையாக இருந்தது. மாலை வரை.

வேலை முடிந்ததும், ஆலையில் குடம் செய்யும் செல்லி வந்து நின்றாள். "மழையில வெறகெல்லாம் ஊறிக் கெடக்குது மேனகா. அந்தத் துண்டப் போட்டாத்தான் வூட்ல அடுப்பு பத்துது. நீ கேஸ் வாங்கித் தரியா?"

அந்தப் புகை நெஞ்சுக்கு ஆகாது என்றேன். வெறும் பையை மடித்துக்கொண்டு போய்விட்டாள்.

17 அக்டோபர்

மதியம் நான் போய் உட்கார்ந்ததும் செல்லியோடு வேலை செய்யும் பெண்கள் எல்லாரும் டப்பாவை மூடிக்கொண்டு எழுந்துவிட்டார்கள். நல்லம்பள்ளி வாடகை அறையில் எனக்குப் பேச்சுத்துணை கிடையாது. இந்தச் சாப்பாட்டு நேரம்தான் இருந்தது. அதுவும் போச்சா?

22 அக்டோபர்

அரைத்துச் செய்த குடங்கள் விரிசல் விட்டன. துண்டுகளில் ஒட்டியிருந்த மண்தான் காரணம்.

"கழுவி அரைக்கணுமா? குடிக்கவே லாரித் தண்ணி வாங்கறோம்! சரி, தீபாவளி போகட்டும், பாக்கறேன். கழுவ ஆளப் புடிங்க" என்றார் முதலாளி.

கூப்பிட்டேன். ஒருத்தியும் வரவில்லை.

"அடுப்புக்கு இருந்ததப் புடுங்கிக்கிட்டு, அதையே எங்களக் கழுவச் சொல்றியா?" — செல்லி.

அவள் கேட்டதில் என்ன தப்பு? ஆனாலும் அழுகை வந்தது.

27 அக்டோபர், ஞாயிறு

ஆளில்லாத ஆலை. நானே கழுவி, நானே அரைத்து, நாலு குடம் செய்து பார்த்தேன். விரல் முழுக்கக் கீறல். ஆனால் ஒரு குடமும் விரிசல் விடவில்லை!

சொல்ல யாருமில்லை.

31 அக்டோபர்

தீபாவளி. போன வருடம் செல்லி வீட்டு அதிரசம் தூக்கு நிறைய வந்தது. இன்று கதவை யாரும் தட்டவில்லை.

4 நவம்பர்

முதலாளி கேட்டார்: "கழுவி அரைச்சாக் குடம் நிக்குதுங்களா? நிக்குதுன்னா தொட்டி கட்டிரலாம். இல்லன்னா பழையபடி கொளுத்திரலாம்."

ஜன்னலுக்கு வெளியே செல்லியும் மற்றவர்களும் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஏதோ சிரிப்பு —

"நிக்கலைங்க" என்றேன்.

5 நவம்பர்

காலையிலேயே பின்பக்கம் எரிக்கத் தொடங்கிவிட்டார்கள். வீட்டுக்கு ஆளுக்கொரு பை துண்டு.

மதியம் செல்லி நகர்ந்து இடம் விட்டாள். "வா மேனகா, அவரக்கொட்டக் கொழம்பு." புகையில் எல்லாருக்கும் கண் எரிந்தது. குழம்பு நன்றாக இருந்தது. வெட்கமில்லாமல் இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.