மூன்றாம் ஓலைக்கு முன்பு

தக்கலை,
புதன்கிழமை காலை.

அன்பு மகன் இஸ்ரவேலுக்கு, அப்பா தங்கையன் சொல்லச் சொல்ல உன் மகள் ஜினிஷா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நாங்கள் இரண்டு பேரும் இங்கே சுகம். மஸ்கட்டில் நீயும் மருமகளும் பேரன் லிஜோவும் சுகமாக இருக்கிறீர்கள் என்றே வைத்துக்கொள்கிறேன், ஞாயிற்றுக்கிழமை போனில் நீ போட்ட சத்தத்தைக் கேட்டவன் உனக்கு நெஞ்சிலோ தொண்டையிலோ கோளாறு என்று சொல்லமாட்டான். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் ஒரு வார்த்தையை முடிப்பதற்குள் நீ பத்து வார்த்தை பேசி, ரேஞ்சு இல்லை என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தோடு மல்லுக்கட்ட முடியாது. பக்கத்து வீட்டு லிஜா லீவு முடிந்து நாளை மஸ்கட்டுக்கு விமானம் ஏறுகிறாள், அவள் கையில் இதைக் கொடுத்து, நீ கடைசி வரி வரை வாசிக்கும் மட்டும் எதிரில் உட்கார்ந்திருக்கச் சொல்லியிருக்கிறேன். நர்ஸ் பிள்ளை, மருந்து குடிக்க அழுகிறவர்களைக் குடிக்க வைத்துப் பழக்கம் உண்டு.

போன வாரம் அடித்த காற்றில் வீட்டுக்குப் பின்னால் நின்ற ஏத்தன் வாழையில் நான்கு குலையோடு சாய்ந்துவிட்டது, முட்டுக் கொடுக்க ஆள் இல்லை. மற்றபடி ஊரில் விசேஷம் என்றால் நான்தான். சர்ச்சில் நான் செய்ததை உன் அக்காள் லீலாபாய் ஒரு விதமாகச் சொல்லியிருப்பாள், ஊர்க்காரர்கள் பல விதமாகச் சொல்லியிருப்பார்கள், செய்தவன் சொல்வதையும் ஒருமுறை கேட்டுவை.

எனக்குப் பக்கவாதம் வந்து இரண்டு வருடம் ஆகிறது. என் வலது கை விழுந்த அதே மாதத்தில்தான் ஜினிஷாவின் படிப்பும் விழுந்தது, பிளஸ் ஒன் பாதியில். அப்போது நீங்கள் வந்து பத்து நாள் இருந்தீர்கள். திரும்பும்போது அங்கே ஸ்கூல் நல்லது என்று லிஜோவைக் கூட்டிக்கொண்டு போனீர்கள், இவள் நாலு பேர் முன்னால் வாய் திறக்காத பிள்ளை, படித்து என்ன ஆகப்போகிறது என்று எனக்குத் துணைக்கு விட்டீர்கள். இரண்டு பிள்ளைகளில் ஒன்றுக்கு மட்டும் விமானத்தில் இடம் கிடைத்தது எப்படி என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. நாற்பது வருடம் நான் குலை ஏற்றிய லாரியில் எல்லாக் குலைக்கும் இடம் இருந்தது. இந்த வரியை எழுதமாட்டேன் என்று உன் மகள் பேனாவை மூடி வைத்துவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து எழுதினாள், எழுத்து சின்னதாகத்தான் இருக்கும், கண்ணாடியைப் போட்டு வாசி.

அந்த நாட்களில் நான் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டேன். சுவரில் பார்க்க ஒரு பல்லி இருந்தது, அதுவும் கொஞ்ச நாளில் சலித்துப்போய் வேறு அறைக்குப் போய்விட்டது. என் அடக்கத்துக்குப் பாடவேண்டிய மூன்று பாட்டின் எண்களை லீலாபாயைக் கொண்டு ஒரு தாளில் எழுதித் தலையணைக்கு அடியில் வைத்திருந்தேன். பிறந்த நாள் முதல் நான் சொன்ன எதற்கும் ஒரு திருத்தம் சொல்லாமல் விட்டவள் இல்லை அவள், அந்தத் தாளை மட்டும் ஒரு வார்த்தை பேசாமல் எழுதிக் கொடுத்தாள்.

ஆஸ்பத்திரியில் நாக்குக்குப் பயிற்சி சொல்லித்தரும் பெண் சில சொற்களைச் சொல்லி அனுப்பியிருந்தாள். ஜினிஷா எழுதிக்கொள்ளத் தாள் தேடியபோது கையில் கிடைத்தது என் அடக்கப் பாட்டுத் தாள்தான். அதன் பின்பக்கத்தில் மழை, வாழை, கிழங்கு என்று எழுதி, முகம் பார்க்கும் கண்ணாடியை என் மடியில் வைத்துவிட்டாள். தினமும் காலையில் அதுதான் வேலை. பாட்டா, நாக்க மடக்குங்க, அது மழையில்ல, நீங்க சொல்லுதது மய, இன்னொருக்கா சொல்லுங்க என்பாள். விருந்தாளி வந்தால் அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நிற்கிற பிள்ளை, ஊரிலேயே பேசப் பிடிக்காத பிள்ளை, பேச முடியாத கிழவனுக்குப் பேச்சு சொல்லித் தருகிறது. கர்த்தருக்கும் பொழுது போகவேண்டும் அல்லவா. நாற்பது வருடம் வாழைக்குலை விற்றவன் வாழை என்று சொல்ல ஐந்து மாதம் எடுத்தது. சரியாக வந்த அன்று இவள் பல் தெரியச் சிரித்தாள். இவளுக்கு மேல்வரிசையில் ஒரு பல் ஏறி நிற்கிறது, உனக்குத் தெரியுமா? எனக்கு அன்றுதான் தெரியும். மறுநாள் கிழங்கு என்று சொல்லிக் காட்டவேண்டும் என்று அன்றைக்கு ஆசை வந்தது. பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை மக்கா, எழுபத்துநான்கு வயதில் ஒருவன் காலையில் கண் விழிக்க அவ்வளவு போதும். சுவருக்கு முதுகைக் காட்டிவிட்டேன். பல்லிகூடத் திரும்பி வந்தது.

அப்போதுதான் லீலாபாய் சம்பந்தம் கொண்டுவந்தாள். மாப்பிள்ளை ஜெஸ்பின், ஆரல்வாய்மொழி, சவுதியில் ஏசி மெக்கானிக், நகை வேண்டாம், ரொக்கம் வேண்டாம், பிள்ளை மட்டும் போதும் என்றார்களாம். கேட்டதும் நீ போனிலேயே ஸ்தோத்திரம் சொல்லிவிட்டாய். ஒன்றும் வேண்டாம் என்கிறவனுக்கு என்ன வேண்டும் என்று வியாபாரம் தெரிந்தவன் கேட்பான். நீ என் மகன்தான், சந்தைக்கு மட்டும் ஒரு நாளும் வந்ததில்லை. மாப்பிள்ளையின் அம்மா மூன்று வருடமாகப் படுக்கையில் இருக்கிறார். கல்யாணம் முடிந்து இருபதாம் நாள் இவன் சவுதிக்குப் போய்விடுவான், இவள் அந்த அம்மாவோடு இருக்கவேண்டும். இதையெல்லாம் எனக்கு யாரும் சொல்லவில்லை. மாப்பிள்ளையின் பெரியப்பாவும் உன் அக்காளும் என் கட்டிலுக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு, நான் ஒரு அலமாரி என்பதுபோல உட்கார்ந்து பேசினார்கள். கேட்டியளா, இதுக்கு மேல ஒரு பிள்ள ஒங்களுக்குக் கிடைக்காது, எங்க அப்பாவ ரெண்டு வருசமா தூக்கி இருத்தி, குளிப்பாட்டி, பெட்பேன் எடுத்து, ஒரு நாள் மொகஞ் சுளிச்சதில்ல, படுத்தவங்களப் பாத்துப் பழகின கையி என்றாள். குலையை நாங்கள் தட்டிப் பார்த்து விற்கும்போது இப்படித்தான் பேசுவோம். எனக்கு அந்த நிமிடம்தான் விளங்கியது, நான் நோயாளி இல்லை இஸ்ரவேலே, நான் பயிற்சிப் பள்ளிக்கூடம். உன் மகள் என்னிடத்தில் பாஸாகி ஆரல்வாய்மொழியில் வேலைக்குச் சேரப்போகிறாள், சம்பளம் மட்டும் கிடையாது. கோபத்தில் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். கோபம் வந்தால் என் நாக்கு இன்னும் முரண்டு பிடிக்கும், சத்தம்தான் வந்தது. உன் அக்காள் அடுக்களையைப் பார்த்து, ஏட்டி ஜினிஷா, பாட்டாவுக்கு ஒண்ணுக்கு வருதுபோல, வந்து பாரு என்றாள்.

பதினெட்டு முடிந்து நாற்பதாவது நாள், சம்மதத் தாளில் அத்தை விரல் வைத்த இடத்தில் இவள் கையெழுத்துப் போட்டாள். சர்ச்சில் ஓலை வாசிக்கக் கொடுத்தாயிற்று. ஓலை உனக்கு மறந்திருக்காது. மூன்று ஞாயிறு தொடர்ந்து இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று போதகர் வாசித்து, தடை உண்டானால் சொல்லலாம் என்று கேட்பதும், சபையார் இருமிக்கொள்வதும், அடுத்த பாட்டுக்குப் போவதும். எனக்குத் தெரிந்து அந்தக் கேள்விக்கு நம் சர்ச்சில் யாரும் பதில் சொன்னதில்லை. நான் சொல்வது என்று முடிவு செய்தேன். முதல் ஓலை அன்று சக்கர நாற்காலியில் போனேன். போதகர் கேட்டதும் முன்பெஞ்சை இடது கையால் பிடித்து எழுந்து நின்றுவிட்டேன். நின்றதோடு சரி, வாய் வரவில்லை. போதகர் என்னைப் பார்த்தார். சபை பார்த்தது. ரெண்டு வருசமா கிடையில கிடந்த தங்கையன் ஐயா பேத்திக்க ஓலையக் கேட்டு எழும்பி நிக்காரு, கர்த்தருக்கே மகிமை என்று போதகர் கண் கலங்கினார். எல்லோரும் கைதட்டி, சபை முழுதும் எழுந்து நின்று ஸ்தோத்திரப் பாட்டுப் பாடியது. லீலாபாய் அழுதுகொண்டே வீடியோ எடுத்து உனக்கு அனுப்பினாள், நீ மூன்று கைகூப்பல் போட்டு, அற்புதம் என்று ஸ்டேட்டஸ் வைத்தாய். ஒருவன் கல்யாணத்தைத் தடுக்க எழுந்து நிற்கிறான், குடும்பமே அவனுக்கு நன்றி சொல்கிறது, இப்படி நம் வீட்டில்தான் நடக்கும்.

மறுநாள் காலையிலிருந்து பயிற்சிச் சொற்களோடு கிழி என்பதையும் சேர்க்கச் சொன்னேன். கிழங்கு இருக்கே பாட்டா, கிழி எதுக்கு என்று கேட்டாள். நாக்குக்கு நல்லது என்றேன். ஆறு நாள் இவளே எதிரில் உட்கார்ந்து, தன் ஓலையைக் கிழிக்க எனக்குச் சொல்லிக் கொடுத்தாள், பாவம், தெரியாது.

இரண்டாம் ஓலை அன்று எழுந்ததும் பின்வரிசையில் கைதட்டத் தொடங்கிவிட்டார்கள், பழக்கமாகிவிட்டது. இடது கையைத் தூக்கி அடக்கிவிட்டு, ஓலையைக் கிழியுங்கள் என்றேன். ழ சுத்தமாக வந்தது, அதற்காகவாவது நீ சந்தோஷப்பட்டிருக்கலாம். போதகர் இறங்கி வந்து, ஐயா, சும்மா கிழிக்க முடியாது, என்ன தடைன்னு சொல்லணும், பையனுக்கு வேற கல்யாணம் உண்டா, முறை தப்பா என்று பணிவாகக் கேட்டார். பிள்ளைகிட்ட யாரும் கேக்கல்ல என்றேன். அவர் கையில் இருந்த புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார், அதில் அப்படி ஒரு தடை இல்லை போலிருக்கிறது. ஆராதனை முடிந்து எங்களை உள்ளே கூப்பிட்டு, மக்களே ஒனக்குச் சம்மதமா என்று இவளிடம் கேட்டார். இவள் தரையைப் பார்த்தாள். அவளுக்கு வெக்கம் என்று லீலாபாய் பதில் சொன்னாள். போதகர் நல்ல மனுஷர், சனிக்கிழமைக்குள் பிள்ளை தன் கையால் ஒரு வரி எழுதிக் கொடுத்தால் மூன்றாம் ஓலையை வாசிக்கமாட்டேன், இல்லையென்றால் வாசித்துத்தான் ஆகவேண்டும் என்று சொல்லி அனுப்பினார்.

அன்று சாயங்காலம்தான் நீ போனில், அப்பா நீங்க குடும்ப மானத்தையே வாங்கிட்டீங்க என்று கத்தினாய். நம் மானம் யாரும் கேட்காத வரைக்கும்தான் இருக்கும் என்றால் அது போகட்டும். உங்களுக்குப் பெறவு இவள யாரு பாப்பா என்றும் கேட்டாய். நல்ல கேள்வி. இரண்டு வருடமாக யார் யாரைப் பார்க்கிறார்கள் என்று ஓமானில் இருந்து சரியாகத் தெரியவில்லை போலும். அப்புறம், எனக்குப் பிறகு என்பதை நீ உடனே எதிர்பார்க்க வேண்டாம், அந்தத் திட்டத்தை நான் தள்ளி வைத்துவிட்டேன். பாட்டுத் தாளும் இப்போது பின்பக்கம்தான் பயன்படுகிறது.

இவளுக்கு என்ன வேண்டும் என்று எனக்கும் தெரியாது. தெரியாது என்பது தெரிந்த ஒரே ஆள் வீட்டில் நான்தான். மூன்று நாளாக மேசையில் தாளும் பேனாவும் வைத்திருக்கிறேன், தாள் வெள்ளையாகவே கிடக்கிறது. இன்று காலை முட்டை வாங்கி வருகிறேன் என்று போனவள் ஒரு மணிநேரம் கழித்து வெறுங்கையோடு வந்தாள், கேட்டால் மறந்துவிட்டதாம். அதனால் உன்னிடம் கேட்கிறேன். லிஜா இதைக் கொடுத்தவுடன் உன் மகளைக் கூப்பிட்டு, ஒனக்கு வேணுமா மக்களே என்று கேள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இரு, அரைமணிநேரம் ஆனாலும் சரி, அன்று ஒருநாள் உன் ரேஞ்சு போகாமல் இருக்கட்டும். வேண்டும் என்று சொன்னால் நான் மாப்பிள்ளையின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டு, பந்தியில் முதல் இலையில் உட்காருவேன். வேண்டாம் என்றால் போதகருக்கு நீயும் ஒரு வார்த்தை சொல். நீ கேட்கவே இல்லை என்றால் மூன்றாம் ஞாயிறும் நான் எழுந்து நிற்பேன். இந்த முறை பெஞ்சைப் பிடிக்காமல் நிற்பது என்று தீர்மானம், வேண்டுமானால் வீடியோ எடுத்து அனுப்பச் சொல்கிறேன், ஸ்டேட்டஸ் வைத்துக்கொள்.

மருமகளைக் கால்வலிக்கு எண்ணெய் தேய்க்கச் சொல். லிஜோ அக்காளிடம் மாதம் ஒருமுறையாவது பேசட்டும், அவன் போனில் விளையாடுகிற நேரத்தில் ஒரு பங்கு. நீ கோபத்தையும் உப்பையும் குறை, இந்தப் பக்கவாதம் நம் குடும்பத்தில் அப்பனிடமிருந்து மகனுக்கு வருவது, உன்னைப் பார்த்துக்கொள்ள உனக்கு இன்னும் பேத்தி பிறக்கவில்லை. கர்த்தர் உங்கள் மூன்று பேரையும் கண்ணின் மணிபோல் காப்பாராக. உன் வேலையையும் உன் வீட்டையும் ஆசீர்வதிப்பாராக, கொஞ்சம் காதையும் திறப்பாராக.

கீழே இருப்பது நான் இடது கையால் போட்டது, கோழி கிளறியது இல்லை.

உன் அப்பா,
தங்கையன்.

அப்பா, பாட்டா கையெழுத்துப் போட்டுவிட்டுக் கண்ணயர்ந்துவிட்டார். மேலே உள்ளது எல்லாம் அவர் சொன்னது, ஒன்றையும் நான் மாற்றவில்லை. இது நான் சொல்வது. எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம். வேறு என்ன வேண்டும் என்று இன்னும் யோசிக்கவில்லை, இது வேண்டாம் என்று நன்றாகத் தெரியும். காலையில் நான் முட்டைக்குப் போகவில்லை, போதகர் வீட்டுக்குப் போனேன். பேச வரவில்லை, எழுதிக் கொண்டுபோன தாளைக் கொடுத்தேன். வாசித்துவிட்டு, செரி மக்களே, மூணாம் ஓலை வாசிக்கமாட்டேன் என்றார். அத்தைக்குச் சனிக்கிழமை அவரே சொல்லுவார். அதுவரை பாட்டாவிடம் சொல்லவேண்டாம் என்றும் அதே தாளில் எழுதியிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை பிடிக்காமல் நிற்கவேண்டும் என்று விடிந்ததும் அவரே எழுந்து நின்று பழகுகிறார், இப்போதே சொன்னால் அதை விட்டுவிடுவார். நேற்றுச் சுவரைத் தொடாமல் ஐந்து அடி நடந்தார். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவருக்கு வேறு ஏதாவது வேலை கண்டுபிடிக்கவேண்டும். நீங்கள் கூப்பிட்டால் நான் எடுப்பேன். போனில் பாட்டாவிடம் உளறிவிடாதீர்கள்.

ஜினிஷா.