ஓ.டி. சேர்த்துப் போட்ட கணக்கு

கல்விக் கடன் முழுவதும் கட்டி முடிந்தது என்ற கடிதம் இன்று காலை கைக்கு வந்தது. சுங்கை ஊடாங்கில், நான் வேலை செய்யும் ஆய்வுக்கூடத்துக்கு வெளியே மோட்டார் சைக்கிள் நிறுத்துமிடத்தில் நின்றபடியே மூன்று முறை படித்தேன். உடனே கைப்பேசியில் உன் பெயரைத் தேடினேன். பெயரைப் பார்த்த பிறகுதான் நீ போய் மூன்று வருடமாகிறது என்பது உறைத்தது. அழுகை வந்தது. ஆனால் அதற்கு முன்னால் சிரிப்புதான் வந்தது. உன்னிடம் சொல்ல வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று: ஜெயித்துவிட்டேன்டி.

பள்ளியில் படிவம் ஆறு முடித்த கையோடு நீ மின்னணுத் தொழிற்சாலையில் சேர்ந்தாய். எனக்குப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படிக்க இடம் கிடைத்தது. மெர்லிமாவ் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருந்த கடையில் நான் கடன் விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்தேன். அதைத் தள்ளி வைத்துவிட்டு, உன் முதல் சம்பளச் சீட்டின் பின்பக்கத்தில் நீ கணக்குப் போட்டாய்.

"கடன் வாங்காதடி. நாலு வருசம் நான் சம்பாதிப்பேன், நீ கடன் வாங்குவ. அப்புறம் நீ கட்ட ஆரம்பிப்ப, நான் காடி வாங்கிருவேன், சொந்தக் கார். என்னைப் பிடிக்க உனக்கு முப்பத்தஞ்சு வயசு தாண்டிரும்லா!"

"கெமிஸ்ட்ரி படிச்சவளுக்குச் சம்பளம் கூட வராதா?"

"வரட்டும், பாப்போம்."

எனக்கு வந்த கோபத்தில், உன் கோப்பிக்கும் நானே காசு கொடுத்துவிட்டு எழுந்து போனேன். ஏழைக்கு இவ்வளவு ரோஷம் ஆகாது என்று பிறகு பல நாள் சொல்லிக் காட்டினாய்.

உன் கணக்கில் ஒரு தப்பு இருந்தது. தொழிற்சாலைக்குப் போகும் நம் பிள்ளைகள் எல்லோரும் செய்கிற தப்புதான். ஓ.டி. காசையும் சேர்த்துச் சம்பளம் என்று எழுதியிருந்தாய். உன் வருமானத்தில் பாதிக்குப் பாதி அந்தக் கூடுதல் நேர வேலையில் வந்தது. அது என்றைக்கும் வரும் என்று நம்பினாய்.

என் தப்பு அதைவிட மோசம். முதல் தவணைக் கடன் வந்ததும் பாதியை நியாலாஸ் தோட்டத்தில் இருந்த எங்கள் வீட்டுக்கு அனுப்பினேன். அப்பா மோட்டார் சைக்கிளை மாற்றினார், தீபாவளிக்கு எல்லோருக்கும் புதுத்துணி. படிக்கப் போன பிள்ளை அதற்குள் பணம் அனுப்புகிறாள் என்று லயத்து வீடுகளில் எனக்கு ஏகப்பட்ட பெயர். நீ மட்டும்தான் போனில் கத்தினாய்: "அது சம்பளம் இல்லடி, கடன்! உன் காசுன்னு நெனச்சியா?"

பட்டம் வாங்கி ஆய்வுக்கூடத்தில் சேர்ந்த எனக்கு முதல் சம்பளம் ஆயிரத்து எண்ணூறு ரிங்கிட். உனக்கு ஓ.டி.யோடு இரண்டாயிரத்து நூறு. விழுந்து விழுந்து சிரித்தாய். நான் அழுததைப் பார்த்த பிறகுதான் நிறுத்தினாய்.

ஒரு வருடம் கழித்து, முந்நூறு ரிங்கிட் கூடுதலாகத் தருகிறார்கள் என்று கார் விற்கும் கடைக்கு வேலைக்குப் போகக் கிளம்பினேன். கடன் வாங்கிப் படிக்காதே என்று சொன்னவள் நீ. போகச் சொல்வாய் என்று நினைத்தேன். அன்றைக்குத்தான் நீ என்னை உண்மையிலேயே திட்டினாய்.

"கடன் வாங்காதேன்னு அப்பச் சொன்னேன். இப்ப வாங்கியாச்சு. கட்டப் போறது நீதானே? அந்தப் படிப்பைப் போட்டு வேலை வாங்குலா!"

ஆய்வுக்கூடத்திலேயே தங்கினேன். மூன்று வருட அனுபவத்துக்குப் பிறகு பதிவு பெற்ற வேதியியலாளரானேன். பரிசோதனை அறிக்கையில் கையெழுத்துப் போடும் உரிமை வந்தது, சம்பளம் மளமளவென்று ஏறியது. அதே வருடம் உங்கள் தொழிற்சாலையில் ஆர்டர் குறைந்து ஓ.டி.யை வெட்டினார்கள். காடித் தவணை கட்டத் திணறினாய். அப்போது நான், "கணக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. உன் முகம் சுருங்கியதை நினைத்தால் இன்றும் கூசுகிறது. ஆனால் நீ சும்மா விடுகிற ஆளா? பேனாவை எடுத்து, "இன்னும் நான்தான் முன்னால இருக்கேன், பாரு" என்று கூட்டிக் காட்டினாய். உண்மைதான், அப்போதும் நீதான் முன்னால் இருந்தாய்.

அதிலிருந்து ஒவ்வொரு டிசம்பரிலும் உட்கார்ந்து கூட்டினோம். நீ சம்பாதித்த மொத்தம் ஒரு பக்கம். கடனைக் கழித்து நான் சம்பாதித்தது மறுபக்கம். இடைவெளி குறையக் குறைய உனக்குத்தான் என்னைவிடச் சந்தோஷம். பிறகு டெங்கிக் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் வீடு திரும்பவில்லை.

உன் பக்கத்துத் தொகையை அப்படியே நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. நீ இல்லாத முதல் டிசம்பரில் உனக்கு ஊதிய உயர்வு கொடுத்தேன். அடுத்த வருடம் சூப்பர்வைசர் ஆக்கினேன். இன்று பகல் சாப்பாட்டு நேரத்தில் உன்னை உதவி மானேஜராகவே ஆக்கி, எவனும் வெட்ட முடியாத ஓ.டி.யும் சேர்த்துக் கூட்டினேன். அப்படியும் இருநூறு ரிங்கிட் நான் முந்திவிட்டேன். முப்பத்தைந்து ஆக எனக்கு இன்னும் எட்டு மாதம் இருக்கிறது!

அடுத்த டிசம்பரில் உன்னை மானேஜராக்கப் போகிறேன். எதிரில் நீ இல்லாமல் ஜெயித்து எனக்கு என்ன பெருமை?