காற்று வந்தாலும் சத்தம்தான்

பிப்ரவரி 9, திங்கள்

பால்காரரிடம் ஒரு பாக்கெட் கூடுதலாகப் போடச் சொன்னேன். தம்பி வந்திருக்கிறான். எவ்வளவு நாளைக்கு என்று அவனுக்கே தெரியாது.

ஒரு பை, ஒரு கிட்டார், தோள்வரை முடி. முடியில் பாதி நரை. ராக் குழுவோடு மேடையில் கத்திப் பாடிக்கொண்டிருக்கும்போதே குரல் அறுந்துவிட்டதாம். துப்பினால் ரத்தம். கீழே அத்தனை பேரும் "இடி! இடி!" என்று கூப்பிட (அவர்கள் இவனுக்கு வைத்த பெயர் அது), இவன் மைக்கைத் தரையில் வைத்துவிட்டு இறங்கி வந்துவிட்டான்.

இப்படி வந்து நிற்பது முதல் முறை இல்லை. மேடையிலேயே அடிதடியாகிப் பல் உடைந்து வந்தான். மனைவி விட்டுப் போனபோது வந்தான். குடியை விடுவதற்காக வந்தான், விட்டான், போனான், மறுபடி பிடித்துக்கொண்டு வந்தான். கடைசியாக விட்டது இன்றுவரை நிற்கிறது, கடவுளுக்கு நன்றி. எப்போது வந்தாலும் "அக்கா, பசிக்குது!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்திக்கொண்டுதான் வருவான். இந்த முறை கதவைத் தட்டிவிட்டுச் சும்மா நின்றான். நானாகத் தட்டை எடுத்து வைத்தேன்.

பிப்ரவரி 12, வியாழன்

தொண்டை டாக்டரிடம் கூட்டிப்போனேன். மூக்கு வழியாகக் குழாய் விட்டுத் திரையில் காட்டினார். இத்தனை வருடம் மைதானங்களை அதிர வைத்தது அவ்வளவுதான் இருக்கிறது: இரண்டு மெல்லிய இதழ். ஒன்றில் ரத்தம் கட்டிய கொப்புளம். பார்க்கவே பாவமாக இருந்தது.

"எடுத்துடலாம். ஆனா அதுக்கப்புறம் நான் சொல்ற வரைக்கும் ஒரு சத்தம் வரக் கூடாது, சார். ஒரு சத்தம்."

"அப்புறம் பாடலாமா?" என்றான். கிழிந்த துணி மாதிரி ஒரு குரல்.

"நல்லா ஆறினா பாடலாம். ஆறலைன்னா பேசறதே இப்படித்தான் இருக்கும்."

மார்ச் கடைசியில் அவன் குழுவுக்குப் பெரிய நிகழ்ச்சி. அதற்குள் டாக்டர் சரி என்று சொல்லாவிட்டால் வேறு ஆளை நிறுத்திவிடுவோம் என்று மேனேஜர் சொல்லியாயிற்று. ஆளும் தயார். சின்ன வயது, நன்றாகக் கத்துகிறானாம்.

பிப்ரவரி 17, செவ்வாய்

ஆபரேஷன் முடிந்தது. நன்றாக நடந்தது என்றார்கள். கஞ்சி மட்டும்.

பிப்ரவரி 20, வெள்ளி

பேச்சுக்குப் பதிலாக, எழுதி அழிக்கிற பிளாஸ்டிக் சிலேட்டு ஒன்று. முதலில் எழுதியது: "காரம்?" இல்லை என்று தலையாட்டினேன். அடுத்தது: "உப்பு?" அதையும் குறைத்துவிட்டேன். டாக்டர் காரத்தைத்தான் சொன்னார். எதற்கும் இருக்கட்டுமே.

என் வீட்டுக்காரருக்கு ஒரே கொண்டாட்டம். "மாப்ளே, கல்யாணமாகி இத்தனை வருஷத்துல இந்த வீட்டுல என்னை எதிர்த்துப் பேசாத ஒரே ஆள் நீதான். இங்கேயே இருந்துடு." தம்பி எழுதிக் காட்டினான்: "எழுதி எதிர்ப்பேன் மாமா."

இருமல், தும்மல், சாப்பாடு எல்லாம் தினமும் எழுதி வைக்கிறேன், டாக்டர் கேட்டால் சொல்ல. யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, நானாகப் பழகியது. இங்கிலீஷும் அப்படித்தான். சின்ன வயதில் இவன் வாங்கி வரும் கேசட் அட்டைகளை வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டினேன். அதனால் எனக்கு முதலில் தெரிந்த இங்கிலீஷ் சொற்கள் நெருப்பு, எலும்பு, நரகம்.

பிப்ரவரி 23, திங்கள்

இன்று ஒரு நல்ல காரியம் நடந்தது. சாயங்காலப் பிரார்த்தனைக்குத் தம்பி தானாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். வீட்டை விட்டுப் போன பிறகு ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. "உன் சாமிக்கு என் பாட்டு பிடிக்காது" என்று கிண்டல் செய்துவிட்டுப் போய்விடுவான்.

நான் சொல்லச் சொல்ல உதட்டை மட்டும் அசைத்தான். "மனசுக்குள்ள சொன்னா நீ எங்கேயோ போயிடுவேடா. சத்தமில்லாம, வெறும் காத்தா சொல்லு. டாக்டர் சத்தம் கூடாதுன்னுதானே சொன்னாங்க?" என்றேன். சொன்னான். கிசுகிசுவென்று, ஒரு வரி விடாமல். எல்லாம் ஞாபகம் வைத்திருக்கிறான்! சமையலறைக்குப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

மார்ச் 1, ஞாயிறு

தினமும் உட்காருகிறான். இப்போது நான் கூப்பிடுவதற்கு முன்னால் வருகிறான். நேற்று பாதியில் எனக்கு வரி மறந்தது, அவன் எடுத்துக் கொடுத்தான். கடவுளே, உன் வழியே வழி.

மார்ச் 9, திங்கள்

ஆறவில்லை.

வீக்கம் அப்படியே இருக்கிறது, ஓரம் சிவந்திருக்கிறது. டாக்டர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "பேசினாரா?"

"சத்தியமா இல்ல டாக்டர்." எழுதி வைத்ததைக் கொடுத்தேன். இருமல் இருக்கிறது, தும்மல் இருக்கிறது. "ஒரு சத்தம் இல்ல. பிரார்த்தனையில மட்டும் கிசுகிசுன்னு..."

"என்னது?"

"கிசுகிசுன்னு, டாக்டர். சத்தமே வராது. வெறும் காத்து."

பேனாவைக் கீழே வைத்தார். "அம்மா, காத்து வந்தாலும் சத்தம்தான். கிசுகிசுக்கறது பேசறதை விட மோசம். தொண்டையை இறுக்கிப் பிடிச்சாத்தான் அது வரும். தினமுமா?"

தினமும்தான். அதை நான் எழுதவே இல்லை. எழுத வேண்டிய ஒன்று என்று தோன்றவே இல்லை.

இன்னொரு ஆபரேஷன் வேண்டாம், இன்னும் கொஞ்ச காலம் முழு மௌனம், பார்ப்போம் என்றார். மார்ச் கடைசி என்ற பேச்சுக்கே இடமில்லை. பஸ்ஸில் தம்பி ஜன்னல் பக்கம் திரும்பியே வந்தான். அவனால் என்னைத் திட்டக்கூட முடியாது. திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

மார்ச் 10, செவ்வாய்

சாப்பிடக் கூப்பிட்டேன். சிலேட்டைத் தூக்கிக் காட்டினான்: "குடிச்சேன், சிகரெட் பிடிச்சேன், ராத்திரி பகலா கத்தினேன். தொண்டை தாங்கிச்சு. உன் சாமிகிட்ட பேசினேன். போச்சு."

"சாப்பாட்டுல என்னடா கோபம்" என்றேன்.

மார்ச் 11, புதன்

காலையில் செருப்பை மாட்டிக்கொண்டு போனான். எங்கே என்று எழுதவில்லை. மத்தியானம் வரவில்லை. போன் அடித்தால் மட்டும் என்ன, எடுத்துப் பேசவா போகிறான்? இவர் அச்சகத்துக்குப் பாதி நாள் லீவு சொல்லிவிட்டு, இவனுக்குத் தெரிந்த மூலை முடுக்கெல்லாம் தேடினார். எங்கே தேடினார் என்று நான் கேட்கவில்லை. எந்தக் கடைகள் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

கடவுளே, நான் என்ன தப்பு பண்ணேன்? தம்பி சாமி கும்பிடணும்னு கேட்டது தப்பா? இத்தனை நாளா கேட்டேனே, கொடுத்தே. கொடுத்துட்டு இப்படியா புடுங்கிக்குவே? அவன் மட்டும் இன்னிக்குக் குடிச்சுட்டு வரட்டும். அப்புறம் உனக்கும் எனக்கும் பேச்சு இல்ல.

விளக்குப் போடுகிற நேரத்தில் வந்தான். வாசலிலேயே நின்று என் முகத்தைப் பார்த்தான். நான் எதைத் தேடுகிறேன் என்று தெரிந்துவிட்டது. குனிந்து என் மூக்குக்கு நேரே வாயைத் திறந்தான், ஊதிக் காட்ட.

"டேய், ஊதாதே! காத்து!" என்று வாயைப் பொத்தினேன்.

அப்படியே நின்றோம். என் கைக்குள்ளே அவன் வாய் விரிவது தெரிந்தது. சிரிக்கிறான். தோள் குலுங்குகிறது, சத்தம் மட்டும் வரவில்லை. "சிரிக்காதேடா, அதுவும் காத்துதான்" என்று இவர் உள்ளேயிருந்து சொல்ல, அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

குழுவின் ஒத்திகை அறைக்கு எதிரே நின்றிருந்தானாம். சிலேட்டில் எழுதினான்: "அந்தப் பையன் பாடறதைக் கேட்டேன்." அழித்துவிட்டு எழுதினான்: "நல்லா இருக்கான்."

மார்ச் 13, வெள்ளி

இன்று பிரார்த்தனை செய்யவில்லை.

மார்ச் 14, சனி

செய்தேன். தம்பியும் வந்து உட்கார்ந்தான். இருவரும் வாய் திறக்கவில்லை. மனசுக்குள் சொல்வது கடவுளுக்குக் கேட்கிறதா என்று பார்க்க வேண்டியது இனி அவர் பாடு.

மார்ச் 28, சனி

நிகழ்ச்சி நடந்தது. அந்தப் பையன்தான் நின்றான். இவர் போனில் போட்டுக் காட்டப் போனார், தம்பி வேண்டாம் என்று கையை அசைத்துவிட்டு மாடியில் காய்ந்த துணியை எடுத்து வந்து மடித்தான். படம் உரியாமலிருக்க மேடைச் சட்டையை மடிப்பது மாதிரி எல்லாவற்றையும் உள்பக்கம் வெளியே வைத்து மடித்திருக்கிறான். பிரித்து மறுபடி மடிக்க மனம் வரவில்லை.

ஏப்ரல் 6, திங்கள்

ஆறிவிட்டது. ஓரமெல்லாம் வெளுத்து, ஒழுங்காக இருக்கிறது. "மெல்லப் பேசலாம். மேல் ஸ்தாயி வருமான்னு இப்ப சொல்ல மாட்டேன். கத்தறது பத்தி அடுத்த மாசம் பேசுவோம்" என்றார் டாக்டர். அங்கேயே ஏதாவது சொல்லச் சொன்னார். தம்பி மாட்டேன் என்று தலையாட்டினான். பயம்.

மத்தியானம் நான் அடுப்புப் பக்கம் திரும்பியிருந்தேன். "அக்கா" என்று யாரோ கூப்பிட்டார்கள். கனத்த குரல், அடித்தொண்டையில். வெளி ஆள் யாரோ வந்துவிட்டார் என்று புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு திரும்பினேன். தம்பி தட்டோடு நிற்கிறான்.

"உப்பே இல்லக்கா."

"டாக்டர்..."

"டாக்டர் காரம்தான் சொன்னாங்க. நீயா சேர்த்ததுதான் உப்பு. நான் வாயை மூடிக்கிட்டு இருந்தேங்கறதுக்காக இவ்ளோ நாளா..."

"போதும், பேசாதே. மெல்லன்னு சொல்லியிருக்காங்க."

ஏப்ரல் 19, ஞாயிறு

தம்பியின் பழைய குழுவில் டிரம்ஸ் அடிப்பவர் வந்தார். வாசற்படி ஏறும்போதே, "அக்கா, நல்ல சேதி இல்ல, ஆனா டீ வேணும்" என்றார். பையனையே நிரந்தரமாக வைத்துக்கொள்கிறார்கள். தம்பி தலையை மட்டும் ஆட்டினான். பிறகு "சரிதான்" என்றான்.

"நானும் இன்னும் ரெண்டு பேரும் சனிக்கிழமைல ஒரு சின்ன ஹால்ல வாசிக்கறோம். நூறு நாற்காலி. பாதி காலியா இருக்கும். வர்றியா?"

"என் பழைய குரல் வரலடா. பாட்டு எல்லாம் சுருதியில அஞ்சு கட்டை கீழ இறங்கணும்."

"இறக்கு. உன் வயசுக்கு, மேல ஏறினா மூச்சு வாங்கும்."

வீட்டில் பாடிப் பழகினால் அக்கம்பக்கம் சண்டைக்கு வரும் என்று தன் பழைய காரை வாசலில் விட்டுப் போனார். கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளே உட்கார்ந்து பழகலாமாம். பாட்டுக்காரர்கள் நிறையப் பேர் அப்படித்தான் செய்வார்களாம்.

மே 9, சனி

டாக்டர் போன வாரம் சரி என்றார். அளவோடு என்றார். இவனுக்கு அளவு என்ற ஒன்று எப்போது இருந்தது?

காலையில் மாவு சலித்துக்கொண்டிருந்தேன். எதிர் வீட்டுக்குப் புதிதாகக் குடி வந்திருக்கும் பெண்மணி செருப்பில்லாமல் ஓடி வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"உங்க வாசல்ல நிக்கற கார்ல யாரையோ என்னவோ பண்றாங்கம்மா! உள்ள ஒரு ஆம்பளை அலறான், கண்ணாடி எல்லாம் ஏத்தியிருக்கு. போலீசைக் கூப்பிடட்டுமா?"

ஜன்னல் வழியாகக் காது கொடுத்தேன். குரல் மெதுவாகத் தொடங்கி, ஏறி, ஓரிடத்தில் நின்று, உடையாமல் அப்படியே நின்றது.

"வேணாம்மா. என் தம்பி பாடறான்" என்றேன்.

அவர் நம்பவில்லை. போகும் வழியில் கார் கண்ணாடியில் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போனார்.