ஓடையில் நனைந்த சட்டை

என் கோபக்காரத் தம்பிக்கு,

நீ கத்தி தீட்டிக்கொண்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன். அதை அடுப்படியில் கொடுத்துவிடு, காய் நறுக்கட்டும். அப்பாவைக் கொன்ற ஆலை முதலாளிக்கு இனி அது தேவைப்படாது.

எங்கள் சலவைக்கூடத்துக்குப் பின்னால் ஓடையில் ஒருத்தி துவைக்கிறாள். அவள் யார் துணியைத் துவைத்தாலும் அந்த ஆள் செத்துப்போவான். அதனால் நாங்கள் அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுப்பதில்லை. நேற்று நான் போனேன். முதலாளியின் வெள்ளைச் சட்டையை நீட்டினேன். நிமிராமல் வாங்கி நனைத்தாள். தண்ணீர் சிவந்தது. பொய் சொல்வானேன், எனக்கு மனசு குளிர்ந்தது.

அப்போதுதான் கேட்டாள்: "இதுல ரெண்டு பேர் துணி இருக்கே. ரெண்டு பேரும் போகணுமா?"

என் பழக்கம் உனக்குத் தெரியுமே. யார் சட்டை கிழிந்தாலும் நம் வீட்டுப் பழந்துணியை உள்பக்கம் வைத்துத்தான் தைப்பேன். முதலாளி சட்டையின் கிழிந்த காலருக்குள் நான் வைத்துத் தைத்திருந்தது உன் பழைய நீலச் சட்டைத் துணி.

"அந்த ஒட்டுத்துணிய மட்டும் பிரிச்சுக்கறேன், தாயி" என்று கெஞ்சினேன்.

"பிரிச்சுக்கோ. கிழிசலோட நான் துவைக்க மாட்டேன். அந்த இடத்துல வேற ஆள் துணி வச்சுத் தச்சுக் குடு."

சட்டையையே திரும்ப வாங்கியிருக்கலாம். அப்பாவின் முகம் விடவில்லை. கூடத்தில் ஊரார் துணி மலையாகக் கிடந்தது. அவர்கள் என்ன பாவம் செய்தார்கள்?

பிரித்தெடுத்த உன் நீலத் துணியை இந்தக் கடிதத்துடன் வைத்திருக்கிறேன். நன்றாகக் காயவைத்துவிட்டேன்.

நீ வரும்போது என் வேலைச் சட்டையில் ஒரு கைமடிப்பை வெட்டியெடுத்த இடம் தெரியும். யாரும் அதை மாற்ற வேண்டாம். அதையே போட்டு என்னை அனுப்பச் சொல்.

உன் கிழிசலையெல்லாம் தைத்த
அக்கா