பூஜை போட்ட கம்ப்யூட்டர்

வெள்ளி, இரவு.

ஆயுத பூஜை முடிந்து இன்றுதான் கம்பெனி திறந்தது. பூஜையன்று விண்டோஸ் அப்டேட் பாதியில் ஓடும்போதே, பொன்னேரியிலிருந்து வரும் சூப்பர்வைசர் மெயினை அணைத்திருக்கிறார். அன்றைக்கு எந்த மெஷினும் ஓடக் கூடாதாம். கம்ப்யூட்டரைக் கிளப்பி, எந்த சிஸ்டம் வேண்டும் என்று கேட்கும் பூட் லோடர் காலி. விண்டோஸும் வரவில்லை, கட்டிங் மெஷினை ஓட்டும் லினக்ஸும் வரவில்லை. பென் டிரைவை வைத்துக்கொண்டு நான் நாலு மணி நேரம் மல்லாடிய பிறகுதான் இரண்டு பெயரும் திரையில் வந்தன.

சூப்பர்வைசர் மானிட்டரில் காய்ந்திருந்த சந்தனத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "பாத்தியா, பூஜை போட்டதாலதான் பொயச்சிக்கிச்சு. நீ காலீலருந்து இன்னாத்த தட்டிக்கினு இருந்த?"

முதலாளியும் தலையாட்டினார். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். சூப்பர்வைசர் நீட்டிய குங்குமத்தை வாங்கி இட்டுக்கொண்டேன். மூன்று முறை சோப்பு போட்டும் நெற்றியில் சிவப்பு போகவில்லை.